கவனயீனம் எண்டு எழுதாதேங்கோ

உங்கடை மோட்டார் சைக்கிள் ஒயில் ஒழுகுது, சார்ஜன்ட் ஐயா. வாசல்லை நிக்கிறதைத்தான் சொல்லுறன். கீழை ரண்டு ரூபாய்க் காசுக் குத்தியளவுக்குக் கறுப்பாக் கிடக்கு. பயப்பிடாதேங்கோ, ஒரு வாசர் தேய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஆரிட்டைச் சேர்விஸ் செய்யிறனீங்கள் எண்டு நான் கேக்கமாட்டன். கேட்டால் எனக்கு அந்தாளிலை கோவம் வரும், பிறகு வந்த அலுவல் மறந்துபோகும்.

நான் கதிரவேலு. அரியாலையிலை இருபத்தேழு வரியமாக் கராஜ் வைச்சிருக்கிறன். போன மாதம் வைரவர் கோயில் வாசல்லை கார் எரிஞ்சு, மூண்டாம் நாள் ஆசுப்பத்திரியிலை செத்த ஜெயசுதன் என்ரை தங்கச்சி உதயகலாவின்ரை புருசன். அந்தக் காருக்குப் பெற்றோல் ரெயில் பூட்டினது நான்தான். நீங்கள் 'மெக்கானிக்கின் கவனயீனம்' எண்டு எழுதியிருக்கிறியளாம். அதைத் திருத்தத்தான் வந்தனான். இருங்கோ, எழும்பாதேங்கோ, நான் சண்டைக்கு வரேல்லை.

ரெயில் எண்டவுடனை கொழும்புக்கு ஓடுற யாழ்தேவியை நினைக்கவேண்டாம். இஞ்சினுக்கு மேலை படுத்துக்கிடக்கிற ஒரு குழாய். அதுக்குள்ளாலை பெற்றோல் நல்ல அமுக்கத்தோடை வந்து, நாலு இன்ஜெக்டருக்கும் பிரிஞ்சு போகும். ஜெயசுதன் நல்லூரிலை ஹாட்வெயர் கடை நடத்தினவர். ஆணி வித்த காசிலை கொழும்பிலையிருந்து ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி, வேகம் கூட்ட அதுக்குப் பெரிய டேர்போவும் போட்டார். டேர்போ பெருத்தால் இஞ்சின் பெற்றோலும் கூடக் கேக்கும். காரோடை வந்த ரெயில் காணாது எண்டு, இணையத்திலை தேடிப் பிடிச்சு வெளியிலை செய்த ரெயில் ஒண்டை எடுப்பிச்சார். நல்ல செக்கச்செவேல் எண்ட நிறம். "வடிவாயிருக்கெல்லோ மச்சான்?" எண்டு கேட்டார். பெற்றோலுக்கு நிறம் தெரியாது மச்சான் எண்டு சொன்னன்.

அந்த முதல் ரெயிலை நான் திருப்பி அனுப்பினனான். இதை எழுதுங்கோ. இன்ஜெக்டரின்ரை தலை போய் இருக்கிற துளை கொஞ்சம் பெரிசு. ரப்பர் வளையம் சுத்திவரப் பிடிக்காது. உள்ளுக்கை கடைஞ்ச பிசிறும் கிடந்தது. பசை பூசி இறுக்கிவிடலாம்தானே எண்டு மச்சான் கேட்டார். ஆணி விக்கிற ஆளுக்கு எல்லாத்துக்கும் பசைதான் மருந்து. பெற்றோல் இடத்திலை பசை பூசிறவன் மெக்கானிக் இல்லை ஐயா. ரண்டு கிழமையாலை சரியான அளவிலை வேறை ஒண்டு வந்தது. அதுவும் சிவப்புத்தான்.

அதை எப்பிடிப் பூட்டினனான் எண்டு சொல்லுறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. முதல்லை பழைய குழாயிலை இருந்த அமுக்கத்தை இறக்கினன். பற்றரியைக் கழட்டினன். வளையம் எல்லாம் புதிசு, ஒவ்வொண்டுக்கும் விரல் நுனியாலை ஒயில் தடவினன். உலர்ந்த வளையத்தைத் திணிச்சால் கிழியும், கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. இன்ஜெக்டர் ஒவ்வொண்டும் இருந்த இடத்திலை கையாலை சுழலுதோ எண்டு பாத்தன். போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமா மாறி மாறி இறுக்கினன். டேர்போச் சூடு படாமல் குழாயைத் தள்ளிக் கட்டினன். பிறகு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்பி, பெற்றோல் பம்பை ஓடவிட்டு, மூட்டு மூட்டா வெள்ளைக் கடுதாசியாலை ஒத்திப் பாத்தன். ஒரு ஈரமும் இல்லை. அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பவும் பாத்தன். அந்தக் கடுதாசியை இன்னும் வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் தாறன்.

இனி உங்களுக்கு ஒரு பகிடி சொல்லுறன். மூண்டு வரியத்துக்கு முந்தி ஒரு கலியாணவீட்டிலை, பந்தியிலை இருந்துகொண்டு ஜெயசுதன் சொன்னார், "கதிரவேலு மச்சான் பூட்டினால் கீழை ஒரு தட்டும் வைக்கோணும்." பந்தி முழுக்கச் சிரிச்சுது. ஒருக்கால் நான் திருத்திக் குடுத்த அவற்றை வானுக்குக் கீழை ஒயில் ஒழுகினது உண்மைதான். அந்த வாசர் அவற்றை கடையிலை அவரே எடுத்துத் தந்தது, அதை ஆர் கேட்டது? அண்டையிலையிருந்து எனக்குப் பேர் தட்டுக் கதிரவேலு. சைக்கிளுக்குக் காத்தடிக்க வாற ஆக்கள்கூட "அண்ணை, தட்டு இருக்கோ?" எண்டு கேப்பினம். நானும் சேர்ந்து சிரிக்கிறனான். பகிடி பகிடிதானே. அண்டைக்கு உதயகலாவும் சிரிச்சவள். வாயைக் கையாலை மூடிக்கொண்டுதான் சிரிச்சவள், ஆனால் சிரிச்சவள்.

ஜெயசுதன் கெட்ட மனுசனில்லை. கொரோனா வந்து சுகமானதுக்குப் பிறகு அவருக்கு மணமே தெரியாது. குருநகருக்கு மீன் வாங்கப் போனால் மீனைப் பாக்கமாட்டார், விக்கிற மனுசியின்ரை முகத்தைப் பாத்துத்தான் வாங்குவார். ஒருநாள் புளிச்சுப்போன குழம்பை ரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அதைச் சொல்லி நாங்களும் சிரிச்சனாங்கள். மச்சானை மச்சான் பகிடி பண்ணாமல் வேறை ஆர் பண்ணுறது.

கார் எரிஞ்சது வெள்ளிக்கிழமை காலமை. எங்கடை கராஜிலையிருந்து முந்நூறு மீற்றரிலை வைரவர் கோயில். ஐயர் இல்லாத கோயில், அவரவரே கற்பூரம் கொளுத்திறது. ஜெயசுதன் ரண்டு நாளுக்கு முந்தியே சொல்லிப்போட்டார், பொனற்றைத் திறந்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, புது ரெயிலுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுவன் எண்டு. நான் ஓம் எண்டன். அண்டு வெளிக்கிட முந்தி அவர் முகம் கழுவப் போன நேரம், பெற்றோல் குழாய் ரெயிலோடை சேருற நட்டை ஸ்பானராலை அரைச் சுத்துத் திருப்பிவிட்டன்.

எழுதினியளே? அரைச் சுத்து. பின்பக்கமா.

நான் எந்த நட்டை இறுக்கினாலும், நட்டிலையும் அது ஏறின இடத்திலையும் சேர்த்து அரத்தாலை ஒரு கோடு இழுக்கிறனான். இறுக்கின நட்டெண்டால் ரண்டு கோடும் ஒரே நேரா நிக்கும். உங்கடை ஆக்கள் எடுத்த படத்தை வடிவாப் பாருங்கோ. நட்டு உருகேல்லை. ஒரு கோடு மேலை, மற்றது நேர் கீழை. இறுக்க மறந்தவன்ரை நட்டிலை கோடு இராது ஐயா. முந்நூறு மீற்றர் அதிர்விலை என்ரை நட்டு கழண்டது எண்டு சொன்னால், என்ரை கராஜிலை வேலை பழக வந்தவனும் சிரிப்பான்.

கோயிலடியிலை எனக்குப் பெற்றோல் மணந்தது. நல்லா மணந்தது. அவருக்கு மணக்கேல்லை. புது ரெயில் பூட்டி முதல் ஓட்டத்துக்கு நெருப்பணைக்கிற சிலிண்டர் இல்லாமல் போகக்கூடாது எண்டது என்ரை சட்டம். அண்டைக்கு அதை மேசைக்குக் கீழை விட்டிட்டுத்தான் போனனான். ரயருக்குக் கீழை வைக்க எலுமிச்சம்பழம் இல்லை, கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வா எண்டு கூட வந்த உதயகலாவை அனுப்பினன். எலுமிச்சம்பழம் நாலும் என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை இருந்தது. ஜெயசுதன் தேங்காயிலை கற்பூரத்தைக் கொளுத்தி, குனிஞ்சு சுத்தத் தொடங்கினார். முதல் சுத்து சரியாப் போச்சு. ரண்டாவது சுத்து முடியேல்லை.

ஏன் செய்தனீ எண்டு பாக்கிறியள். பார்வையிலை விளங்குது. தங்கச்சிக்காகத்தான் ஐயா. அந்தாள் கொடிகாமம் றோட்டிலை நூற்றிநாப்பதிலை ஓடுற ஆள். பெரிய டேர்போவும் வந்திட்டுது. எண்டைக்கோ ஒருநாள் அவளையும் பக்கத்திலை ஏத்திக்கொண்டு மரத்தோடை போயிருப்பார். நான் அவளைக் காப்பாத்தினன். எலுமிச்சம்பழத்தை யோசிச்சுப் பாருங்கோ, உங்களுக்கே விளங்கும்.

அந்தியேட்டிக் கிரியை முடிஞ்சு அஞ்சாம் நாள் அவள் தன்ரை ஸ்கூட்டியோடை கராஜுக்கு வந்தாள். ஊர்ச்சனம் என்ரை வாசலைத் தாண்டிப் போறதுக்கே யோசிக்குது, அவள் வந்தாள். முகம் வத்திப்போய்க் கிடந்தது. "அண்ணை, நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்? கைப்பிழைதானே. சனம் கதைக்கிறதை விடுங்கோ. நான் மன்னிச்சிட்டன்" எண்டு சொல்லி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒயில் மாத்தி, பிறேக் பாத்து, கழுவித் துடைச்சுக் குடுத்தன். இருபத்தேழு வரியத்திலை அப்பிடி ஒரு சேர்விஸ் நான் ஆருக்கும் செய்யேல்லை.

அவள் திறப்பை வாங்கினாள். ஏறப் போனவள் நிண்டாள். சீலையைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு, ஸ்கூட்டிக்குக் கீழை பாத்தாள். பிறகுதான் ஏறினாள்.

அண்டு முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. விடிஞ்சவுடனை குளிச்சு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இங்கை வந்திட்டன்.

கவனயீனம் எண்டால் கொஞ்சக் காலத்திலை வெளியிலை வரலாம், கொலை எண்டால் வரேலாது எண்டு சொல்லுறியள். உங்களுக்கு நல்ல மனசு ஐயா. ஆனால் அந்தச் சொல்லை வெட்டுங்கோ. ஜெயசுதனை நான் வேணுமெண்டுதான் கொலை செய்தனான், பூட்டினதிலை ஒரு பிழையுமில்லை எண்டு எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்.

எழுதி முடிச்சதும் உதயகலாவைக் கூப்பிட்டு இதை முழுக்க வாசிச்சுக் காட்டுங்கோ. பாவம், அண்ணை பிழை விட்டிட்டான் எண்டு நினைச்சு எவ்வளவு வேதனைப்படுறாளோ. கேட்டால் அவளுக்கு மனம் ஆறும். இனி நான் பூட்டின ஒண்டையும் அவள் குனிஞ்சு பாக்கமாட்டாள்.