இரண்டு லட்சம் மடிப்பு

அதற்குத்தான் வருகிறேன், தலைவரே. நேற்றுக் கோயில் முன்னால் வேலாயி பெரியம்மாவின் விரலைப் பற்றி நீங்கள் கேட்டபோதே சொல்லியிருப்பேன். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மழையும் தூறியது, எனக்கோ எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும். அதனால் எழுதித் தருகிறேன். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் நீங்களே வாசித்துவிடலாம். என் கையெழுத்து மோசம் என்பதால் கடையில் டைப் செய்து பிரின்ட் எடுத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. மடிகிற போனை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸோல்வா கம்பெனிதான். இதில் கமிட்டிக்குச் சந்தேகம் இருந்தால் மேற்கொண்டு வாசிப்பதில் பயனில்லை.

பெரியவர்களுக்காக விளக்குகிறேன். அது பவுடர் டப்பா மாதிரி நடுவில் மடியும். திரையே மடியும், உடையாது. பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், மற்ற விரல்களால் ஒரு தள்ளுத் தள்ளினால் மூடும். அதன் உயிர் முழுக்க நடுவில் உள்ள கீலில்தான் இருக்கிறது. ஸோல்வாக்காரன் அந்தக் கீலைக் கொண்டுவந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பிங்காரோக்காரன் வந்தான். வந்தவன் அதையே கொஞ்சம் மெல்லிசாக்கி, திரையில் மடிப்புக் கோடு தெரியாமல் செய்துவிட்டு, தானே எல்லாவற்றையும் கண்டுபிடித்த மாதிரி விளம்பரம் போடுகிறான். நான் நோர்வூட் பஜாரில் போன் திருத்துகிறவன். இரண்டையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

வட்டவளைத் திலக்ஷனை உங்களுக்குத் தெரியாது. ஹட்டனில் என்னோடு ஏ.எல். படித்தவன். நல்ல பையன், ஆனால் பிங்காரோ ஆள். எனக்கு ஒரு வீடியோ சேனல் இருக்கிறது, அவனுக்கும் ஒன்று இருக்கிறது. என்னுடையதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவனுடையதில் நானூற்று ஐம்பது, அதில் பாதி அவன் சொந்தக்காரர்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஹட்டன் பஸ் நிலையத்தில் நாங்கள் சந்தித்தபோது பேச்சு வழக்கம்போல அங்கேதான் போனது.

“முதல்ல மடிச்சது யாருடா? அத மட்டும் சொல்லு,” என்றேன்.

“முதல்ல மடிச்சது எங்க தாத்தா. வெத்தலைய,” என்றான். “மடிக்கிறது பெருசில்ல மச்சான். கோடு தெரியாம மடிக்கணும். ஒங்காளு மடிச்சது மழையில நனஞ்ச கலியாணக் கார்டு மாதிரி இருக்கு.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். ஸோல்வா போனை மெஷினில் வைத்து இரண்டு லட்சம் தடவை மடித்துச் சோதித்திருக்கிறார்கள், கீல் அசையவில்லை என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“மெஷின் நேரா மடிக்கும். மனுசன் கை கோணலா மடிக்கும்,” என்றான் அவன். “மனுசன் கையால ரெண்டு லட்சம் மடிச்சுக் காட்டு. கீல் ஆடாம இருந்துச்சுன்னா, ஸோல்வாதான் அப்பன், பிங்காரோ பிள்ளைன்னு நானே வீடியோ போடுறேன்.”

நியாயமான பேச்சு. நானும் நியாயமாகவே எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் ஸோல்வா போன் இல்லை. நுவரெலியாவில் இருந்து ஒரு ஐயா பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு, வெளிநாடு போய்வர ஒன்றரை மாதம் ஆகும், பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எந்த நேரமும் யாராவது ஒருவர் கையில் இருந்தது.

முதல் நாள் நானே மடித்தேன். ஆயிரத்து நூற்று நாற்பதில் என் பெருவிரல் பிடித்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேகத்தில் ஆறு மாதம் ஆகும். அப்போதுதான் வேலாயி பெரியம்மாவின் கை ஞாபகம் வந்தது.

பெரியம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு எனக்கு மூன்று வேளையும் சோறு அவர் வீட்டில்தான். எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் அவர் மாதிரித் தேயிலைக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. கண் எங்கேயோ பார்க்கும், வாய் யாரோடோ பேசும், விரல் மட்டும் தானாகப் போய்க்கொண்டிருக்கும். கம்பெனி வருடா வருடம் வைக்கும் கொழுந்து பறிக்கும் போட்டியில் மூன்று வருடமாக அவருக்கு இரண்டாம் இடம், கீழ் டிவிசன் மீனம்மா அக்காவுக்கு முதலிடம். அடுத்த வருடம் பெரியம்மாவுக்கு ஓய்வு. இதுதான் கடைசிப் போட்டி. லயத்து வீடுகளில் ஒரு பிள்ளை விடாமல் எல்லோருக்கும் இது தெரியும். முதலிடம் வந்தால் கட்டிக்கொள்ள என்று ஒரு மஞ்சள் சேலையை அவர் பெட்டியில் எடுத்து வைத்திருந்ததும் தெரியும். எனக்கும் தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

போட்டிக்கு மூன்றரை வாரம் இருக்கும்போது போனை அவர் கையில் கொடுத்தேன்.

“இது என்ன தம்பி?”

“விரல் ஓட்டத்துக்குப் பயிற்சி பெரியம்மா. வெளிநாட்டுல இப்படித்தான் பழகுறாங்க. தொறக்கணும், மூடணும், அவ்வளவுதான். ரெண்டு லட்சம் தடவ செஞ்சா மீனம்மா அக்கா ஒங்க கிட்டயும் வர முடியாது.”

“ரெண்டு லட்சமா? அதுக்குள்ள எனக்கு அறுபதாங் கலியாணமே முடிஞ்சிரும்.”

சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர். எண்ணுவதற்கு நானே ஒரு சின்னச் செயலி எழுதினேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது ஒன்று கூட்டும். முதல் நாள் ஏழாயிரத்து நானூறு. மூன்றாம் நாளில் இருந்து பத்தாயிரத்துக்குக் குறையவில்லை. மலையில் இருந்து வந்து, முகம் கழுவி, அடுப்பு வேலை முடித்து, டீவி நாடகம் பார்க்க உட்காரும் மூன்று மணி நேரமும் அவர் வலது கை மடித்துக்கொண்டே இருக்கும். அந்த விரல் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாடகத்தில் யாராவது அழுதால் மட்டும் வேகம் கொஞ்சம் குறையும். அதனால் ஒன்பதாம் நாளில் இருந்து நகைச்சுவை நிகழ்ச்சிக்கு மாற்றி வைத்தேன். பக்கத்துக் காம்பிராப் பூரணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, “என்னக்கா, ஒங்க வீட்டுப் பல்லி ஒரு வாரமா வாய மூடல?” என்று கேட்டார். அவ்வளவு சீரான சத்தம்.

பன்னிரண்டாம் நாள் மீனம்மா அக்கா வந்தார். தன் மகள் பூப்பு நீராட்டுக்கு அழைக்க வந்தவர், வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்தார்.

“அடியே வேலாயி, ஒனக்கு விரலா மெஷினாடி? இந்த வருசம் நான் கூடையக் கழுவிக் கவுத்திற வேண்டியதுதான்.”

“போடி, நீ கவுத்த மாட்ட. நீ என்னையில்ல கவுப்ப,” என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். நடந்தது இவ்வளவுதான்.

பதினெட்டாம் நாள் முடிந்தபோது கணக்கு ஒரு லட்சத்து எண்பத்தோராயிரத்து நூறு. அடுத்த நாள் காலையில் பெரியம்மாவின் பெருவிரல் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டொக்டர் சிங்களம், பெரியம்மாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். அதனால் இடையில் நான் நின்று சொன்னேன்.

டொக்டர் நல்ல மனிதர். இந்த விரலால் சமீபத்தில் ஏதாவது புதிதாக, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா என்று கேட்டார். நான் பெரியம்மாவிடம், “எத்தன வருசமா கொழுந்து எடுக்கிறீங்கன்னு கேக்குறாரு,” என்றேன். பெரியம்மா, “முப்பத்தஞ்சு,” என்றார். நான் டொக்டரிடம், புதிதாக ஒன்றும் இல்லை என்றேன். அவர் யோசித்துவிட்டு, மூன்று வாரம் இந்த விரலை அசைக்கவே கூடாது, அசைத்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்.

“என்னடா தம்பி சொல்றாரு?”

“ஒண்ணுமில்ல பெரியம்மா. விரல அசைச்சுக்கிட்டே இருக்கணுமாம். விட்டாத்தான் இறுகிருமாம்.”

இந்த இடத்தில் கமிட்டி கோபப்படக்கூடும். ஆனால் என் நிலையையும் பார்க்க வேண்டும். இன்னும் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்தான் பாக்கி. மூன்று வாரம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், நடுவில் கீலுக்கு ஓய்வு கொடுத்தாய் என்று திலக்ஷன் சொல்வான். சோதனை என்றால் சோதனையாக இருக்க வேண்டும்.

பெரியம்மா தொடர்ந்தார். வேகம் குறைந்துவிட்டது, மூன்று நாள் எடுத்தது. வெந்நீரில் விரலை வைப்பார், எடுப்பார், நூறு மடிப்பார், மறுபடி வைப்பார். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டு லட்சம் வந்தது. நான் போனை வாங்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். கீலில் ஒரு ஆட்டம் இல்லை. ஒரு மயிரிழை இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவரும் சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். விசில் ஊதியதும் பெரியம்மாவின் வலது கை செடிக்குள் போனது, போன இடத்திலேயே நின்றது. இருபது நிமிடமும் இடது கையால் மட்டும் எடுத்தார். முப்பது பேரில் இருபத்தேழாம் இடம். மீனம்மா அக்கா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பெரியம்மாவிடம் வந்தார். “என்னடி ஆச்சு ஒனக்கு?” என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேனே. நான் எங்கடா தப்புப் பண்ணேன்?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணல பெரியம்மா,” என்றேன். அது முழு உண்மை.

அன்று சாயங்காலமே லயத்தில் செய்வினைப் பேச்சு கிளம்பிவிட்டது. அதை நான் கிளப்பவில்லை. மீனம்மா வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டார்கள், வந்தார் என்றேன். கையைப் பார்த்து ஏதாவது சொன்னாளா என்றார்கள், சொன்னார் என்றேன். தேத்தண்ணி குடித்தாளா என்றார்கள், குடித்தார் என்றேன். பொய் ஒன்றும் இல்லை. பிறகு கமிட்டி கூடி, வெள்ளிக்கிழமை மீனம்மா அக்கா மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள். அப்போதுகூட நான் தலையிடவில்லை. பெரியவர்கள் விஷயம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த முடிவால் பெரிய அநியாயம் ஒன்று நடக்கப்போகிறது.

பெரியம்மாவின் கை மடிப்பதைத் தினமும் எடுத்து வைத்திருந்த வீடியோவைத் திங்கட்கிழமை நான் சேனலில் போட்டேன். திலக்ஷன் ஒப்புக்கொள்ளவில்லை. “கை மட்டுந்தானடா தெரியுது, மூஞ்சியக் காணோம். ரெண்டு லட்சம் மடிச்ச விரலு சும்மா இருக்குமா? அந்த விரலக் காட்டு,” என்றான். காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது செய்வினைன்னு ஒங்க தோட்டமே சொல்லுதாமே. அப்ப இது போனு மடிச்ச விரல் இல்ல,” என்று எழுதிவிட்டான். இருபத்திரண்டு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். மீனம்மா அக்கா ஒன்றும் செய்யவில்லை. அவர் சூடம் அணைக்க வேண்டாம். பெரியம்மாவின் விரலைக் கெடுத்தது நான். ஏமாற்றிக் கொடுத்தேன், டொக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னேன், பூட்டிக்கொள்ளும் என்று தெரிந்தே மடிக்க வைத்தேன். இதை நீங்கள் பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அபராதம் எதுவானாலும் கட்டுகிறேன். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: ‘மேற்படி விரல் இரண்டு லட்சம் தடவை ஸோல்வா மடித்ததால்தான் பூட்டியது’ என்று கோயில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், கமிட்டி முத்திரையோடு. முத்திரை கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் வீடியோவில் நன்றாகத் தெரியும். போனின் சொந்தக்காரர் நேற்று வந்து வாங்கிப் போய்விட்டார். கீல் நல்லா இளகி வந்திருக்கே, சர்வீஸ் பண்ணீங்களா என்று கேட்டார். அதையும் கடிதத்தில் சேர்க்கலாம்.

இன்னொரு விஷயம். திலக்ஷன் தன் பிங்காரோவை ஒரு மாதத்துக்குத் தரச் சம்மதித்திருக்கிறான். ஆனால் வேறு ஆள் மடித்தால் ஒப்பிட முடியாது, கைக்குக் கை வேகம் மாறும். ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே நாடகம் என்றால்தான் நியாயம். பெரியம்மாவின் இடது பெருவிரல் நன்றாக இருக்கிறது, போட்டியில் நீங்களே பார்த்தீர்கள். அவருக்கும் இனி மலைக்குப் போகிற வேலை இல்லை, நாள் முழுவதும் வீட்டில் சும்மாதான் இருக்கிறார். கமிட்டி சொன்னால் தட்டமாட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், தலைவரே?