தூக்குச் சக்கரம்

சின்னப் பட்டறை வைத்திருப்பவனுக்கு மெஷினைவிட இடம்தான் பெரிய கவலை, சார். எங்கள் தச்சுப் பட்டறையில் ஓர் அலமாரியை நிமிர்த்திப் பூட்ட வேண்டுமென்றால் ரம்ப மெஷினைச் சுவரோரம் ஒதுக்கியாக வேண்டும். அறுக்கும்போது மறுபடி நடுவுக்கு இழுக்க வேண்டும். தள்ளித் தள்ளியே எனக்கும் தம்பிக்கும் இடுப்பு ஒடிந்தது.

முதலில் அடியில் சாதாரணச் சக்கரங்களைப் பொருத்தினேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை.

"பூட்டு போட்டாலும் பலகையைத் தள்ளும்போது ஆடுதுண்ணே. பயமா இருக்கு" என்றான்.

அதனால் தூக்குச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தை நானே செய்தேன். காலால் மிதியை அழுத்தினால் சக்கரங்கள் இறங்கி மெஷினைத் தூக்கிக்கொள்ளும். சும்மா தொட்டாலே உருளும். மிதியை விடுவித்தால் சக்கரங்கள் மேலேறிவிடும், மெஷின் தன் ரப்பர் கால்களில் உட்கார்ந்துவிடும். பிறகு யானை முட்டினாலும் அசையாது. தம்பி அதை அங்கும் இங்கும் உருட்டிப் பார்த்துச் சிரித்தான். அவன் சந்தோஷத்துக்காக நான் எதையும் செய்வேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாது. நான்தான் வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனுக்குச் செய்துவைத்தேன். அவன் மனைவி நல்ல பெண். குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூரில் பெரிய கம்பெனியில் வேலை இருக்கிறது என்று அவன் காதில் போட்டவள் அவள்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "அடுத்த மாசம் கிளம்பறோம்ணே. நீங்களும் இனிமேலாவது உங்க வாழ்க்கையைப் பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் சண்டை போடவில்லை. துணிமணி வைக்க நல்ல பெட்டியாக வாங்கிக் கொடுத்தேன். பிறகு பட்டறைக்குப் போய், சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே வாஷர்களைக் கொடுத்து இறுக்கினேன். அதற்கப்புறம் மிதியை விடுவித்தாலும் சக்கரங்கள் முழுதாக மேலேறவில்லை. ரப்பர் கால்கள் தரையைத் தொட்டதுபோல இருக்கும், தொடாது. ஒரு விரல் போனவனைக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். அண்ணன் பட்டறையில் ஒரு விரல் இல்லாமலும் காலத்தை ஓட்டலாம். அவ்வளவுதான் நான் நினைத்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள், "ஒரே ஒரு கட்டிலுக்குப் பலகை அறுத்துக் குடுத்துட்டுப் போடா" என்றேன். வந்தான். மிதியை விடுவித்துவிட்டு, வழக்கம்போல மெஷினை அசைத்துப் பார்க்கக் கையை நீட்டினான்.

"அதெல்லாம் நான் பாத்துட்டேன்டா."

கையை எடுத்துவிட்டான். என் பேச்சை அவன் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை.

எல்லாம் நடந்த பிறகு அவன் மனைவி பட்டறையைப் பெருக்கும்போது இடுப்பு பட்டு மெஷின் நகர்ந்ததாம். அதை வைத்துத்தான் வாஷர்களைக் கண்டுபிடித்து, ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். அவற்றை நான் கழற்றியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவனை விட்டு எப்படி வருவது?

வாஷர்கள்தான் காரணம் என்று நீங்களும் சொல்கிறீர்கள். பாதிதான் சரி. பலகை பாதி அறுபட்டபோது மெஷின் லேசாக நகர்ந்தது. அவன் கெட்டிக்காரன், உடனே தெரிந்துகொண்டான். "அண்ணே, நகருதுண்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைக்கப் போனான். அணைத்திருந்தால் மறுநாள் போயிருப்பான். நான் எதிர்ப்பக்கம் நின்று பலகையை வாங்கிக்கொண்டிருந்தேன். மெஷினின் விளிம்பைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். பலமாக ஒன்றும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவன் முன்னால் சாய்ந்தான்.

விரல் என்று நினைத்தேன். மணிக்கட்டோடு போய்விட்டது.

துண்டால் இறுக்கிக் கட்டி, நானே தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். "அண்ணன் இல்லேன்னா பிழைச்சிருக்க மாட்டார்" என்று டாக்டரே சொன்னார். கேட்டுப் பாருங்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். வேளாவேளைக்கு நான் ஊட்டிவிடுகிறேன். நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, அவள் ஊட்டினால் சாப்பிடுகிறான். மாத்திரைகளின் வேகம், சரியாகிவிடும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், சார். சீக்கிரம் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். நான் போகாமல் அவன் சாப்பிட மாட்டான்.