இரண்டு டிவிக்கும் ஒரே பெயர்

என்னையும் ஓர் ஆளாக மதித்து மேடையேற்றிய நம் மயிலாப்பூர் தெருச் சங்கத்தின் தலைவர் ஜெயஸ்ரீ அம்மையார் அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கடைசி வரிசையில், என் மகள் அழைத்ததற்காக வந்து, போகலாமா இருக்கலாமா என்று உட்கார்ந்திருக்கும் என் அப்துல் சமத் பாய் அவர்களே! அனைவருக்கும் இந்த ராஜரத்தினத்தின் வணக்கம்.

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. தியாகராய நகர் ஜவுளிக்கடை கைகொடுத்தது. முப்பது ஆண்டுகள் சேலை விரித்தவன் செயலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்! சரி, சிரியுங்கள். இப்போதே சிரித்துவிடுங்கள்.

இன்று நீங்கள் பாராட்டும் என் மகள் சரண்யா, பெருங்குடி அலுவலகத்தில் உருவாக்கியது டிவிக்குள் உட்காரும் ஒரு செயலி. வீட்டில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரிடம், "ஹால் டிவியில் பாட்டு போடு" என்றால் போதும். அணைந்து கிடக்கும் டிவியும் விழித்தெழுந்து பாடும். ஒரே வைஃபையில் உள்ள எந்த டிவியையும் பெயர் சொல்லி அழைக்கலாம்.

சோதனைக்கு முதல் வீடு எங்கள் வீடு. முதல் விஞ்ஞானி யார்? அடியேன்! டிவிக்குப் பெயர் என்னவென்று திரை கேட்டது. 'ஹால் டிவி' என்று வைத்தேன். பெருமை பொங்க மாடி வீட்டுக்கு ஏறினேன். பாய் வீட்டு டிவியிலும் செயலியை ஏற்றி, ஒரு குட்டி ஸ்பீக்கரும் வைத்து, என் வைஃபையையே கொடுத்தேன். பெயர்? அதற்கும் 'ஹால் டிவி'!

"இன்னா நைனா, ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிக்கினு கீறியே, கொழம்பாதா?" என்றார் பாய்.

"உங்களுக்கு என்ன பாய் தெரியும்? அதுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

என்ன தெரிந்தது அதற்கு?

போன ஆனியில் என் மனைவி இசக்கியம்மாள் இறந்தாள். ஹாலில் கண்ணாடிப் பெட்டி. நாற்காலி இறக்கியவர் யார்? வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார்? சமத் பாய்! அவருடைய நான்கு வயதுப் பேத்தி தூபா சாவைப் பார்க்க வேண்டாமென்று, பாயின் மனைவி அமீனா பீ அவளை மாடியிலேயே வைத்திருந்தார். குழந்தை என்ன செய்யும்? ஸ்பீக்கரிடம், "ஹால் டிவியில் டான்ஸ் பாட்டு போடு" என்றது.

என் மனைவியின் தலைமாட்டில் டிவி விழித்தது. குத்துப்பாட்டு! அணைத்தோம். மாடியில் பாட்டு வரவில்லையே; குழந்தை மறுபடி சொன்னது. டிவி மறுபடி விழித்தது. மூன்றாம் முறை ஒயரையே பிடுங்கினார்கள்.

'மாடி ஸ்பீக்கர்' என்று திரையில் வந்த எழுத்தை என் மைத்துனர் வைரவன் படித்துவிட்டார். "மேல இருந்துல்லா போட்ருக்காவ! செத்த வீட்ல கூத்தா அடிக்கீரு?" என்று பாயின் சட்டையைப் பிடித்தார்.

பாய் என்னைப் பார்த்தார். "நைனா, நீயாவது சொல்லு."

எனக்குத் தெரியும். அந்த நொடியே தெரியும். பெயர் வைத்தவன் நான். வைஃபை கொடுத்தவன் நான். சொன்னேனா? பெட்டிக்குள் இருந்தவளும் பேசவில்லை. பெட்டிக்கு வெளியே இருந்த நானும் பேசவில்லை.

தெரு பேசியது. சாவு வீட்டில் பாட்டுப் போட்டவர்கள் என்று பேசியது. நீங்களும் முகம் திருப்பினீர்கள். மூன்றே மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். இருபத்தோரு ஆண்டு நட்பு ஒரு குட்டி யானை வண்டியில் ஏறிப் போயிற்று.

சரண்யா செயலியைத் திருத்தினாள். ஒரே பெயரை இரண்டாம் முறை வைக்க அது இப்போது விடாது. வேறு வீட்டிலிருந்து கட்டளை வந்தால், "மாடியிலிருந்து கேட்கிறார்கள், போடலாமா?" என்று கேட்கிறது. கைதட்டாதீர்கள், அம்மா! அந்த டிவிப் பெட்டி வாய் திறந்து கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. நான் வாய் திறக்கப் பதினொரு மாதம்!

யாரது, "பழைய கதைய விடுய்யா" என்பது? உங்களுக்குத்தான் ஐயா பழசு. சட்டை கிழிந்தது அவருக்கு.

பாய், ஒரு நிமிஷம்... எழுந்துவிட்டார். போகட்டும். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. நான் பேச வந்தது இந்தத் தெருவிடம். இனி எவராவது கேட்டால் சொல்லுங்கள்: அன்று அந்தப் பாட்டைப் போட்டது ராஜரத்தினம்.

இவ்வளவு நேரம் வலி பொறுத்து உட்கார்ந்திருந்த உங்கள் கால்களுக்கு என் நன்றி. வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கும் அவர் முதுகுக்கு என் வணக்கம்.