தலையில தட்டின கை

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்டுல இழுத்துட்டு வந்துட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே இந்த வைத்திய முகாமுக்கு வந்திருக்கீங்களே... உங்களுக்குன்னே ஒரு குட்டிக் கதை கொண்டாந்திருக்கேன். சின்னதுதான், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுவேன். ஏம்ப்பா, மூணாவது வரிசை நீலச் சட்டை... அந்தப் போனை உள்ள வை. பாதிக் கதையோட போனா தூக்கம் வராது, சொல்லிட்டேன்.

கோயமுத்தூர்ல பொன்னுரங்கம்னு ஒருத்தர். 'நுரையாறு'ன்னு ஒரு மாசப் பத்திரிகை நடத்தினார். எதைப் பத்தி? பாறைக்கு நடுவுல சீறிக்கிட்டு வர்ற காட்டாத்துல, ரெண்டு பேர் உக்கார்ற சின்னப் படகுல துடுப்பு போட்டுக்கிட்டுப் போறாங்களே... அந்த விளையாட்டைப் பத்தி. சிரிக்காதீங்க! ஆளுக்கு ஒரு கிறுக்கு. அவங்களுக்கு அது.

அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. படகு கவுந்து, ஆளு முங்கி மேல வந்தா, தண்ணி இரைச்சல்ல பேச்சு கேக்காது. அதனால ஹெல்மெட் மேல கையால ரெண்டு தட்டு. டக்... டக். "நான் நல்லா இருக்கேன்"னு அர்த்தம். தட்டிட்டா போதும், யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. இதை மனசுல வச்சுக்குங்க.

பத்திரிகையில உடல்நலக் கேள்வி பதிலும் அவரே எழுதுவார். ஒரு நாள் தபால்ல, கோணல் மாணலான எழுத்துல, பேரு இல்லாம ஒரு கடுதாசி வருது. "ஐயா, போன ஞாயித்துக்கிழமை படகு கவுந்தது. தண்ணிக்குள்ள யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அப்புறம் எப்படிக் கரைக்கு வந்தேன்னு எனக்கே தெரியல. ஆனா நான் தலையில தட்டினேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் மறுபடி ஆத்துல இறங்கலாமா?"

படிச்சதும் பொன்னுரங்கம் எந்திரிச்சுப் போய் அறைக் கதவைச் சாத்தினார். ஏன்? போன ஞாயித்துக்கிழமை கவுந்தது அவர் படகு! அந்தக் குரலைக் கேட்டதும் அவரு! யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல... அப்ப எழுதினது யாரு?

பதில் மட்டும் அழகா அச்சாச்சு. "அன்பரே, இறங்காதீர்கள். உங்கள் படகில் இன்னொருவரை ஏற்றாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்." ஊருக்கு உபதேசம்! அடுத்த வாரமே மனுசன் ஆத்துல இறங்கிட்டாரு.

அந்தச் சமயத்துல வாசகர்களுக்காக ஒரு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு பண்ணினார். ஆத்துல அடிபட்டாலும் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பாத்துக்கும். அந்தப் படிவத்துல ஒரு கேள்வி... "எப்போதாவது நினைவு தப்பியதுண்டா?" 'ஆமா'ன்னு எழுதினா காப்பீடு சந்தேகம், அப்புறம் படகுல ஏறவும் யாரும் விட மாட்டாங்க. அவர் என்ன எழுதினார்? நீங்களும் நானும் எழுதறதைத்தான். 'இல்லை.'

மறுநாள் ரெண்டாவது கடுதாசி. ஒரே வரி. "படிவத்துல ஏன் பொய் எழுதினீங்க?"

அப்பத்தான் அவர் சம்சாரம் மேகலா, "என்னங்க, இருபது வருசமா நீங்க மட்டும் போறீங்க. இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்"னு கிளம்பினாங்க. முன்னாடி அந்தம்மா, பின்னாடி படகைத் திருப்புறது இவரு. போற வழியில 'ஆளுருட்டி'ன்னு ஒரு மடு, ஆறு சரிஞ்சு விழற ஆழமான இடம். பேரே போதும்.

சனிக்கிழமை காலையில இவர் மேசையில மூணாவது கடுதாசி. கவர் இல்ல, தபால்தலை இல்ல. "நாளைக்கு முன்னாடி உக்காரப் போறது உங்க மேகலா." மனுசன் கத்தியே கூப்பிட்டார்.

"மேகலா! இதை யாரு இங்க வச்சது?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான..."

"நானா?"

"இப்பத்தான உக்காந்து எழுதினீங்க? காப்பி ஆறிப் போகுதுன்னு மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. தலையில மட்டும் ரெண்டு தட்டுத் தட்டினீங்க. சரி, ஏதோ யோசனைன்னு வந்துட்டேன்."

...

பொன்னுரங்கம் அழுதுட்டார். எல்லாத்தையும் சொல்லிட்டார். படிவத்துல 'இல்லை'யை அடிச்சு 'ஆமாம்'னு எழுதினார். பின்னால கம்பெனி அவர் பேரைத் தள்ளி வச்சிடுச்சு, அது வேற. திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கறதுன்னு முடிவாச்சு. ஞாயித்துக்கிழமை மேகலாவுக்குப் பின்னாடி சகாயராஜ்னு ஒரு நண்பர் உக்காந்தார். இவர் கையில டீ கிளாஸோட கரையில நின்னார்.

படகு ஆளுருட்டியில இறங்கி, குதிச்சு, தாண்டி, பத்திரமா ஒதுங்குச்சு. அந்தம்மா சின்னப் புள்ள மாதிரி ஓடி வர்றாங்க. "என்னங்க, பாத்தீங்களா? பாத்தீங்களா?"

அவர் நிக்கறார். டீ கிளாஸ் கீழ பாறையில சில்லு சில்லா கெடக்கு. கண்ணு தெறந்திருக்கு... உள்ள ஆள் இல்ல.

சகாயராஜ் சொன்னார், "படகு மடுவுல இறங்கறப்பவே அந்த கிளாஸ் விழுந்துச்சுங்க. நான் பாத்தேன்."

"என்னங்க... நல்லா இருக்கீங்களா?"

ஹெல்மெட் இல்லாத வெறுந்தலையில, அந்தக் கை மெதுவா மேல போச்சு. டக்... டக்.

அது வலிப்புல ஒரு வகைன்னு டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார், இப்ப குணமாயிட்டு வருது. "அந்த நேரத்துல கை தானா எதையாவது செய்யும், அது சரி. ஆனா கடுதாசி எழுதி, கவர் ஒட்டி, தபால்ல போடும்னா... நான் கேள்விப்பட்டதில்லீங்க"ன்னுட்டார். அதுக்கப்புறம் ஒரு கடுதாசியும் வரல.

ஏங்க, அந்தப் படகுல பின்னாடி அவர் உக்காந்திருந்தா? முன்னாடி இருந்த அந்தம்மா கதி?

உங்களுக்கும் கடுதாசி வருதுங்க. ராத்திரி வேர்வையா வருது, மரத்துப் போற விரலா வருது. நாம என்ன பண்றோம்? யாராவது கேட்டா தலையில தட்டறோம். வாயில சொல்றதுதான் வித்தியாசம். உங்களுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க. உங்களை நம்பி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

இன்னிக்கு வாசல்ல என்னைக் கேட்டாங்க, "ஐயா, எப்படி இருக்கீங்க?" நான் என்ன சொன்னேன்? "நல்லா இருக்கேன்." பொய்ங்க! மூணு மாசமா மாடி ஏறினா இடது தோள்ல ஒரு வலி. வீட்டுல கூட சொல்லல.

இதோ, மைக்கை வச்சுட்டு முதல் ஆளா நான் போய் வரிசையில நிக்கறேன். எனக்குப் பின்னாடி யாரு வர்றீங்க?