வெட்டாத சீட்டு

எனக்கு வலது தோள் சரியில்லை. எட்டு வருடங்களுக்கு முன் அறுவை செய்து உள்ளே இரண்டு திருகாணி வைத்தார்கள். அதன் பிறகு பெரிய துப்பாக்கி எதன் உதையையும் அந்தத் தோள் தாங்கவில்லை. அதனால்தான் சின்னதுக்கு மாறினேன். வீம்புக்காக மாறினேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பென்சிலைவிட மெல்லிய குண்டு அது. ஆண் எல்க் மானோ கிட்டத்தட்ட ஒரு குதிரை எடை இருக்கும். இது நியாயமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. குண்டின் பருமன் முக்கியமில்லை, அது போய்ச் சேரும் இடம்தான் முக்கியம். பெரிய துப்பாக்கிக்காரன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறான். நான் நிதானமாகச் சுடுகிறேன். நான் கண்டெடுத்த மான் ஒவ்வொன்றும் சுட்ட இடத்திலிருந்து அறுபது தப்படிக்குள் கிடந்தது. தீயணைப்புக் கூடத்தில் வருடா வருடம் நடக்கும் வேட்டை விருந்தில் ஏழு வருடமாக இதைப் பற்றி நான்தான் பேசுகிறேன். பேசி முடித்ததும் பலர் வந்து கை குலுக்குவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இனி சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான், அதிகாரி அம்மா. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆளுக்கு ஒரு வேட்டைச் சீட்டு. மான் விழுந்தால் சீட்டில் தேதியை வெட்டி அதன் கொம்பில் கட்ட வேண்டும். அது மொன்டானா மாநிலத்தின் சட்டம். எங்கள் பள்ளத்தாக்கில் சட்டத்துக்கு மேலே ஒரு வழக்கம் உண்டு. பனியில் இரத்தத்தைக் கண்டால், மான் கிடைக்காவிட்டாலும் சீட்டை வெட்டிவிட வேண்டும். அந்த வருட வேட்டை அத்தோடு சரி. இரத்தம் இல்லையென்றால் அது தவறிய குண்டு, மறுநாள் மறுபடி போகலாம். இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. சின்னக் குண்டு சின்னத் துளைதான் போடும், தோலும் மயிரும் அதை மூடிக்கொள்ளும், இரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று மெர்ல் சொல்வான். இருக்கலாம். பனியில் இல்லாத இரத்தத்தை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனைக்கும் அடி சறுக்கும். என் குண்டுகளிலும் சில தவறின.

மெர்ல் என் மனைவி ஐலீனின் தம்பி. ஊரில் வேட்டை இறைச்சி வெட்டும் கடை அவனுடையது. நவம்பர் மாதம் யார் சுட்ட மானும் அவன் மேஜைக்குத்தான் வரும். போன செவ்வாய்க்கிழமை என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, ஊறுகாய் ஜாடி ஒன்றை என் முன்னால் வைத்தான். உள்ளே நசுங்கிய குண்டுகள் இருந்தன.

"பதினொண்ணு இருக்கு மச்சான். எல்லாம் மத்தவங்க சுட்டுக் கொண்டாந்த மான்லேருந்து நான் நோண்டி எடுத்தது. ஏழு வருஷமா சேக்குறேன்."

"காட்டுல யார் யாரோ சுடுறாங்க."

"இந்தக் குண்டால நரி அடிப்பாங்க. எல்க் அடிக்கிற மகராசன் இந்தப் பள்ளத்தாக்குலயே நீ ஒருத்தன்தான். நேத்து ஒண்ணு வந்துச்சு பாரு. தோள்ல சீழ் கட்டி, எலும்பும் தோலுமா. மூணு காலால எத்தனை நாள் நடந்துச்சோ. பாதி இறைச்சியக் குப்பையில கொட்டினேன்."

"இப்ப என்னடா பண்ணணுங்கிற?"

"சனிக்கிழமை விருந்துல நீ பேச எந்திரிப்பல்ல, அப்ப நீயே சொல்லிடு. சொல்லிட்டு இந்த வருஷச் சீட்ட எல்லாரு முன்னாடியும் வெட்டிப் போடு. நீ சொல்லலன்னா ஜாடிய மேஜையில கொட்டிட்டு நான் சொல்வேன். அக்கா மூஞ்சியப் பாத்துத்தான் உனக்கு நாலு நாள் தரேன்."

அவன் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பார்த்து அவன் இரக்கப்பட்டான். இறைச்சி வெட்டுகிறவன் என்னைப் பார்த்து இரக்கப்பட்டான்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல் இருவரும் மலைக்குப் போனோம். நான்தான் கூப்பிட்டேன். யோசித்துவிட்டேன், நீ சொன்னது சரி என்றேன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம். "அப்பாடா, உன்கிட்ட சண்ட போட்டுட்டு அக்கா வீட்டுச் சோத்த எப்படித் திங்கறதுன்னு இருந்தேன் மச்சான்" என்றான். பிறகு மானை என் பக்கம் கலைத்து விடுவதற்காக எதிர்ச் சரிவில் ஏறினான்.

பத்து மணி இருக்கும். நூற்றைம்பது கஜத்தில், திறந்த வெளியில், பக்கவாட்டாக நின்றான். செம்மஞ்சள் மேல்சட்டை, அதற்குள் தடித்த கம்பளி. நான் துப்பாக்கியை விழுந்த மரத்தின் மேல் வைத்தேன். அவசரப்படவில்லை. கைக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தேன், நுரையீரல் இரண்டும் ஒரே கோட்டில் வரும் இடம் அது. நான்தான் சுட்டேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு, நல்ல வேட்டைக்காரன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். மரத்துக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன். அடிபட்ட விலங்கை உடனே நெருங்கினால் அது பயத்தில் எழுந்து ஓடும், வேதனை நீளும். அதுதான் கொடுமை. சும்மா விட்டால் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாதி சாண்ட்விச் சாப்பிட்டேன். அவன் என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். "மச்சான், யாரோ சுட்டுட்டான், சீக்கிரம் வா" என்றான். யார் சுட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது எனக்கு ஒரு நிம்மதி. பிறகு இருமல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அரை மணி ஆனதும் அவன் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. பனியில் இழுபட்ட தடம் ஒன்று சாலைப் பக்கமாகக் கீழே போனது. நான் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

வீட்டுக்குப் போனேன். ஐலீன் அவனுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டிருந்தாள். "எங்க தம்பி?" என்று கேட்டாள். வருவான் என்றேன். ஒரு மணிக்குக் கேட்டாள், மூன்று மணிக்கும் கேட்டாள். வருவான் என்றேன்.

அவன் நானூறு தப்படி ஊர்ந்து போனான் என்கிறீர்கள். மூன்று மணி வரை உயிர் இருந்தது, பத்தரைக்கே யாராவது தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். அவர் படித்தவர், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்வது ஓடுவதாகாது. அறுபது தப்படி என்று நான் சொன்னது ஓடுவதைத்தான். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நேற்று என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டீர்களே, அந்த வேட்டைச் சீட்டு எனக்குத் திரும்ப வேண்டும். அது வெட்டாத சீட்டு. பனியில் இரத்தம் இல்லை என்று நான் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வேட்டைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.