தலைத்தீபாவளிக்கு உடைந்த முட்டை

அதிகம் படிக்காதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், கோழிப் பண்ணைக்காக போனில் ஓடர் எடுப்பவரிடம் ஓர் அக்கா போனை நீட்டினார்.

“டவுன்ல இருக்க என் தங்கச்சிக்கு நாட்டுக்கோழி வந்திருக்குன்னு மெசேஜ். எனக்கு மட்டும் ஏன் உடைஞ்ச முட்டை மலிவுன்னு அனுப்பியிருக்கீங்க?”

“அட்ரஸ் பாத்துத்தான் யாருக்கு எந்த மெசேஜ்னு பிரிச்சிருக்கோம் அக்கா. தோட்டத்து ஆளுங்க மலிவாத்தானே கேப்பாங்க.”

“நான் கேட்டேனா? மாசாமாசம் உங்ககிட்ட கோழிதானே வாங்குறேன்?”

“இப்ப கோழி முடிஞ்சிருச்சுங்க.”

“அப்ப தலைத்தீபாவளிக்கு வர்ற மருமகனுக்கு ஆம்லெட் போடவா? நீங்களே வந்து பரிமாறுங்க!”

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, அதே தோட்டத்தில் இருக்கும் எனக்கும் பண்ணையிலிருந்து மெசேஜ் வந்தது: உடைந்த முட்டை, மலிவு விலை.