இடப்பக்கத்து அன்னம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகைச் சாய்க்க முடிகிறது. எங்கள் பட்டறையில் எல்லாம் முக்காலிகள்தான்.

நான் வெள்ளிப் பாத்திரங்களுக்குச் சித்திரம் வரைகிறவன். நான் தாளில் போடும் கொடியையும் பூவையும்தான் மற்றவர்கள் வெள்ளியில் தட்டி எழுப்புவார்கள். இதில் பாதி வரைந்தால் போதும். கரிக்கோலால் வலப்பக்கத்தை வரைந்து, தாளை நடுவில் மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் இடப்பக்கம் தானே விழுந்துவிடும். தேய்க்கிற வேலை என் தம்பியுடையது. அப்பா போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். சோறும் போட்டேன், கரண்டியும் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு பெரிய வீட்டு அம்மா விருந்துக் கிண்ணம் ஒன்று கேட்டார். இரண்டு கைப்பிடியும் அன்னமாக இருக்க வேண்டுமாம். வலது அன்னத்தை வரைந்துவிட்டு அப்படியே கண் அயர்ந்தேன். எழுந்து பார்த்தால் தம்பி தேய்க்கவில்லை. இடப்பக்கத்தைத் தானே வரைந்திருந்தான். என் அன்னம் தலை குனிந்திருந்தது. அவனுடையது, யாரோ கூப்பிட்டதுபோல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

“என்னடா இது?”

“எத்தனை நாளைக்குத்தாண்ணே நான் உனக்குக் கண்ணாடியாவே இருக்குறது?”

அந்த அம்மா தாளைப் பார்த்துச் சிரித்தார். “வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக்கூடாதும்பாங்க. இங்க இடது கைக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் இதே வரட்டும்.”

தம்பி புதுத் தாளில் தன் அன்னத்தை வரைந்து, மடித்து, கரண்டியை என் பக்கம் நகர்த்தினான். மரியாதையாகத்தான் நகர்த்தினான்.

“மெதுவாத் தேய்ண்ணே. கலைஞ்சிடப் போகுது.”

தேய்த்தேன். நன்றாகவே விழுந்தது.

அவன் களைத்திருந்தான், ஐயா. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இந்த வேலை ஆளைத் தின்றுவிடும். அவனுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று நினைத்தேன். கிண்ணங்களின் உட்புறத்துக்குத் தங்க முலாம் பூசும் தொட்டி நீரில் சயனைடு உண்டு, பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஒரு வாய் போதும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அவன் டீயில் கலந்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டேன். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

“அதிசயமா நீ டீ போட்டிருக்க. மழைதான் வரப்போகுது” என்றான். குடித்தான்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். இடப்பக்கத்து அன்னத்தைத் தம்பி வரைந்தான் என்று அதில் இருக்கிறது. களைப்பில் வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

அதுவும் நான் வரைந்ததுதான்.